நாலு லைன்ல நின்ன ஒரே பிரியதர்ஷினி

நேத்து எனக்கு இருந்த வேலை ஒன்னே ஒன்னுதான். அண்ணன் மகளைக் கூட்டிட்டுப் போயி ஏ.எல் படிக்க, அதான் பன்னெண்டு பதிமூனாம் வகுப்புக்கு, ஸ்கூல்ல சேர்த்துவிடணும்.

அவ்வளவுதான். காலைல போனா பகல் சாப்பாட்டுக்கு வந்துறலாம். நானும் அப்படித்தான் நெனச்சேன்.

அண்ணனும் அண்ணியும் தோட்டத்துல வேலை. ஒரு நாள் போகலைன்னா அன்னைக்கு சம்பளம் இல்ல. நான் மஸ்கெலியா டவுன்ல தையல் கடை வச்சிருக்கேன். எனக்கு நானே மொதலாளி, நானே லீவு குடுத்துக்கலாம். அதனால பொறுப்பு என் தலையில விழுந்துச்சு.

"நீதான் ஓ.எல் வரைக்கும் போனவ. நாலு பேருகிட்ட பேசத் தெரிஞ்சவ. நீயே போயிட்டு வந்துரு"ன்னாரு அண்ணன்.

பதினோராம் வகுப்புல ஓ.எல் பரீட்சை வரைக்கும் போனது உண்மைதாங்க. அதுக்கு அங்கிட்டு ஓ.எல் என்னைய விடல. அத அண்ணன் வெளிய சொல்ல மாட்டாரு. நல்ல மனுஷன்.

மருமக பேரு பிரியதர்ஷினி. தர்ஷின்னு கூப்பிடுவோம். ரொம்ப அமைதி. ஆனா ரிசல்ட்ஸ் வந்த அன்னைக்கு லயமே ஆடிப்போச்சு! மெட்ஸ் ஏ, சயன்ஸ் ஏ, தமிழ் ஏ. எங்க லயத்துல வீடெல்லாம் ஒரே வரிசையில ஒட்டி இருக்கும், ஒரு வீட்டுல தும்மினா மூனாவது வீட்டுல "ஆயுசு நூறு"ம்பாங்க. ஏ வந்தா சும்மா இருப்பாங்களா? அந்த நிமிஷத்துல இருந்து வீட்டுக்கு வீடு ஒரு யோசனை. டொக்டருக்கு விடுங்க, எஞ்சினியருக்கு விடுங்க, பேங்க்குல விடுங்க, வக்கீலுக்கு விடுங்க.

கெளம்புற நேரம் அண்ணன் கூடையைத் தோள்ல போட்டுக்கிட்டு வாசல்ல நின்னாரு.

"இந்தா பாரு தங்கச்சி. எனக்கு பாடமெல்லாம் தெரியாது. ஆனா புள்ளைக்கு பின்னால ஒரு வழியும் அடைபட்டுறக் கூடாது. டொக்டருக்கும் வழி இருக்கணும், எஞ்சினியருக்கும் இருக்கணும், பேங்க்குக்கும் இருக்கணும். எல்லாக் கதவும் தொறந்தே கெடக்கட்டும்."

"அதெல்லாம் நான் பாத்துக்கிறேண்ணே, நீங்க நிம்மதியா வேலைக்குப் போங்க!"

இந்த வாய் இருக்கே, இதை நானே தச்சு மூடியிருக்கணும். தையல்காரிதானே!

ஆனா அண்ணன் ஏன் அப்படிச் சொன்னாருன்னு எனக்கு நல்லாப் புரிஞ்சுது. நாங்க பொறந்த வீட்டுக்குக் கதவு ஒன்னுதான். அதத் தொறந்தா தேயிலை. எங்க அப்பாவும் அதுக்குள்ளதான் போனாரு, அண்ணனும் போனாரு. புள்ளையாவது வேற பக்கம் போகணும்னு நெனைக்கிறது தப்பா?

தர்ஷி என் முந்தானையை இழுத்தா. "அத்தே, நான் வந்து..."

"பஸ் வந்துருச்சு! ஏறு, ஏறு!"

பஸ்ல ஏறி ஒக்காந்ததும் நான் செஞ்ச மொத தப்பு, பக்கத்துல இருந்த அக்காகிட்ட பேச்சுக் குடுத்தது.

"எங்கம்மா, காலங்காத்தால?"

"புள்ளைய ஏ.எல்லுக்கு சேர்க்கப் போறேன்க்கா. டொக்டரா வரப்போற புள்ளை."

டொக்டர்னு சொன்னதுதான் தாமதம். அந்தக்கா கையை நீட்டிட்டாங்க. "இந்த மணிக்கட்டு ரெண்டு மாசமா வலிக்குது கண்ணு. என்னன்னு பாரு."

தர்ஷி முழிக்கிறா. "ஆன்ட்டி, நான் இப்பத்தான் ஓ.எல்..."

"பரவால்ல, சும்மா பாரு!"

அவளும் பாவம், பாத்தா. "கொஞ்சம் வீங்கியிருக்கு ஆன்ட்டி"ன்னா. பின் சீட்டுல இன்னொரு ஆளு காலைத் தூக்கிட்டாரு. நான்தான் "டிக்கெட் எடுத்தவங்க எல்லாருக்கும் வைத்தியம் கெடையாதுங்க"ன்னு தடுத்தேன்.

முன் சீட்டுல ஒரு முஸ்லிம் அண்ணன், நாங்க நானாம்போம். நோர்வூட்டுல ஹார்ட்வெயார் கடை வச்சிருக்காராம். திரும்பினாரு.

"என்ன பாடம் எடுக்கப் போறீங்க தங்கச்சி?"

"எல்லாத்துக்கும் வழி இருக்குற மாதிரி ஒரு பாடம் நானா."

அவரு சிரிச்ச சிரிப்புல தொப்பி நழுவிருச்சு. "அப்படி ஒன்னு இருந்தா எனக்கும் சொல்லுங்க. என்ட மூத்த மகன் மாட்டினது இதுலதான். டொக்டருக்குப் போறதுன்னா பயோ, கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ். பிசிக்ஸுக்குப் பதிலா லேசுன்னு அக்ரி எடுத்தா, டொக்டர் கதவு மூடிரும். எஞ்சினியருக்குன்னா கம்பைன் மெட்ஸ், பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி. கெமிஸ்ட்ரிய விட்டுட்டு ஐ.சி.டி எடுத்தா அந்தக் கதவும் மூடிரும். என்ட மகன் ஐ.சி.டி எடுத்தான். பொறகு எஞ்சினியர் ஆகணும்னு அழுதான். என்ன செய்ய?"

ஒரு பாடம் மாறினா ஒரு கதவு சாத்துதா!

"அப்ப வக்கீலுக்கு?"

"அதுக்கு எந்தப் பாடம் படிச்சாலும் போகலாம். புள்ளி வரணும், அவ்வளவுதான்."

அப்பாடா, ஒரு கதவாவது தொறந்து கெடக்கு.

இதுக்கு நடுவுல கண்டக்டர் வந்து சேர்ந்தாரு. சிங்கள அண்ணன். தமிழ் பாதி புரியும், அந்தப் பாதிக்கே அபிப்பிராயம் முழுசா வச்சிருந்தாரு. "சயன்ஸ் எபா நங்கி! கொமர்ஸ் ஹொந்தய்!" சயன்ஸ் வேணாமாம், கொமர்ஸ்தான் நல்லதாம். அவரோட மகன் கொமர்ஸ் படிச்சு பேங்க்ல இருக்கானாம். போன்ல போட்டோவும் காட்டினாரு. டையெல்லாம் கட்டி நல்லாத்தான் இருந்தான் பையன்.

மணிக்கட்டு அக்கா விடல. "புள்ளை கை வச்சதுல எனக்கு வலியே கொறைஞ்ச மாதிரி இருக்கு, நீ கொமர்ஸ்ங்கிறியே!" நானா ஒரு பக்கம், கண்டக்டர் ஒரு பக்கம், பின் சீட்டு கால்வலிக்காரரு ஒரு பக்கம். சண்டை இல்லைங்க, பாராளுமன்றம்!

தர்ஷி மறுபடியும் "அத்தே..."ன்னா.

"சும்மா இரு புள்ளை, பெரியவங்க ஒன்னோட வாழ்க்கையப் பத்திப் பேசிக்கிட்டு இருக்கோம்!"

"இல்லத்தே, டிக்கோயா போயிருச்சு."

பாத்தா பஸ் ஹட்டன் ஸ்டாண்டுக்குள்ள நொழையுது! ஸ்கூல் டிக்கோயாவுல. கண்டக்டர் விவாதத்துல பெல் அடிக்க மறந்துட்டாரு. மணிக்கட்டு அக்கா ஆஸ்பத்திரிக்குப் போக டிக்கோயாவுலதான் எறங்கணுமாம். அவங்களும் எங்களோடயே ஹட்டன் வந்துட்டாங்க. "டொக்டர் புள்ளை கூடவே இருந்ததுல மறந்துட்டேன்"ங்கிறாங்க!

சரி, வந்தது வந்துட்டோம். ரிசல்ட்ஸ் ஷீட்ட ரெண்டு போட்டோ கொப்பி அடிச்சேன். எதுக்குன்னு தர்ஷி கேட்டா. "வழி தொறந்து இருக்கணும்ல"ன்னேன். எனக்கே தெரியாமத்தான் சொன்னேன்.

த்ரீவீல்ல ஏறி டிக்கோயாவுக்குத் திரும்பினோம். ஓட்டுற தம்பிகிட்டயும் வாய் சும்மா இருக்கலை. "தம்பி, நீங்க என்ன படிச்சீங்க?"

"ஆர்ட்ஸ்க்கா. டிகிரி முடிச்சேன்."

அதுக்கப்புறம் ஸ்கூல் கேட் வர்ற வரைக்கும் நான் பேசவே இல்ல. அன்னைக்கு நான் வாயை மூடிக்கிட்டு இருந்த ஒரே நேரம் அதுதான்.

ஸ்கூல் மண்டபத்துக்குள்ள போனா திருவிழாக் கூட்டம்! எல்லாத் தோட்டத்துல இருந்தும் அப்பா அம்மாங்க வந்திருக்காங்க. நாலு மேசை. மேசைக்கு ஒரு டீச்சர், மேல ஒரு அட்டை: பயோ, மெட்ஸ், கொமர்ஸ், ஆர்ட்ஸ். ஒவ்வொரு மேசைக்கு முன்னாலயும் நீள வரிசை. பயோ லைன்தான் ரொம்ப நீளம். "எடம் கொஞ்சந்தான் இருக்காம், முடிஞ்சா அடுத்த ஸ்கூல் தேடணுமாம்"னு பின்னால யாரோ சொன்னாங்க.

பயோ கெடைக்கலைன்னா? பயோவுல நின்னு முடியுறதுக்குள்ள மெட்ஸும் முடிஞ்சுட்டா? அண்ணன் மூஞ்சியில எப்படி முழிப்பேன்?

அப்பத்தாங்க என் மூளை வேலை செஞ்சுது. செய்யாம இருந்திருக்கலாம்.

எங்க லயத்துல தண்ணி பீலியிலதான் வரும். மலையில இருந்து குழாய் வழியா ஒரு ஊத்து. அந்த லைன்ல ஆளு நிக்காது, குடம்தான் நிக்கும். ஆளு குடத்தை வச்சுட்டு சோறாக்கப் போயிரும். முன்னுக்கு ஒரு குடம் நெறைஞ்சா, பின்னுக்கு இருக்குறவங்க நம்ம குடத்தையும் நகத்தி வைப்பாங்க. யாரும் ஏமாத்த மாட்டாங்க. ஏமாத்துனா அன்னைக்குப் பூரா லயத்துல அந்தப் பேச்சுதான்.

இந்த மண்டபத்துல இருக்குறவங்க எல்லாருமே பீலியில வளர்ந்தவங்கதானே!

தர்ஷிய பயோ லைன்ல நிறுத்தினேன். "அசையாம நில்லு." நான் மெட்ஸ் லைன்ல. கொமர்ஸ் லைன்ல என் பேக்க வச்சேன், உள்ள பைல்ல ஒரு போட்டோ கொப்பி. ஆர்ட்ஸுக்கு பேக் கூட வைக்கல. த்ரீவீல் தம்பி ஞாபகம் வந்து, கம்பி ஒடைஞ்ச குடையத்தான் வச்சேன்.

பேக்குக்குப் பின்னால நின்னவரு கேட்டாரு. "யாருதும்மா?"

"எம். பிரியதர்ஷினியோடதுண்ணே. கொஞ்சம் பாத்துக்கங்க."

"அதுக்கென்ன, நான் இருக்கேன்."

பாத்தீங்களா, ஒரு கேள்வி இல்ல! குடைக்குப் பின்னால நின்ன அக்காவும் அப்படித்தான், தலையாட்டினாங்க. நாலு கதவும் தொறந்தாச்சு. என் புத்திய நானே மெச்சிக்கிட்டேன்.

ஒரே ஒரு சின்ன விஷயம் மறந்துட்டேன். ஒரிஜினல் ரிசல்ட்ஸ் தொலைஞ்சிரும்னு புள்ளை கையில குடுக்காம என் பர்ஸுக்குள்ள வச்சிருந்தேன். மத்த கொப்பி என் கையில. பயோ லைன்ல நின்ன பயோ புள்ளை கையில ஒன்னுமே இல்ல!

மெட்ஸ் லைன் வெரசா நகந்துச்சு. என் முறை வந்துருச்சு. மேசையில இருந்த வாத்தியாரு, அந்த சேர், நிமிந்தே பாக்கல. "ரிசல்ட்ஸ்?" குடுத்தேன். "பேர்?" சொன்னேன். எழுதிட்டாரு. "அடுத்தது!" வேணாம்னு சொல்ல வாயைத் தொறக்குறதுக்குள்ள பின்னால வந்தவரு என்னையத் தள்ளிவிட்டுட்டாரு.

அந்த நேரம் கொமர்ஸ் மேசையில என்ன நடந்துச்சுன்னா, என் பேக் முன்னுக்கு வந்துருச்சு. அந்த நல்ல மனுஷன், குடுத்த வாக்கைக் காப்பாத்தணும்னு, பேக்கைத் தூக்கி மேசை மேலயே வச்சுட்டாரு. "இது எனக்கு முன்னுக்கு சேர். பிரியதர்ஷினி."

கொமர்ஸ் சேரும் லயத்துல பொறந்தவரு போல. பேக்க மறுக்கல. பைல்ல இருந்து கொப்பிய எடுத்தாரு, பேரை எழுதினாரு, பேக்க மரியாதையா ஒரு ஓரமா வச்சாரு.

ஆர்ட்ஸ் மேசையில மிஸ் சத்தமாக் கேட்டாங்க. "குடைக்கு என்ன பாடம் வேணும்?"

மண்டபமே சிரிச்சுது. அந்தக்கா மட்டும் சிரிக்காம "குடை இல்ல மிஸ், எம். பிரியதர்ஷினி. ரிசல்ட்ஸோட இப்ப வந்துரும்"னு சொல்லி, அங்கயும் பேரைப் பதிஞ்சு குடுத்துட்டாங்க. என்ன ஒரு நேர்மையான சனம்ங்க நாங்க!

பயோ மேசையில தர்ஷி நிக்கிறா. "ரிசல்ட்ஸ் எங்க?"ன்னு மிஸ் கேக்குறாங்க. "அத்தைகிட்ட." "அத்தை எங்க?" "மெட்ஸ்ல." "ரிசல்ட்ஸ் இல்லாம எழுத முடியாது. தள்ளி நில்லு." புள்ளை தள்ளி நின்னுட்டா. பின்னால இருந்தவங்க ஒவ்வொருத்தரா முன்னுக்குப் போறாங்க.

நான் கூட்டத்தைக் கிழிச்சுக்கிட்டு ஓடுறேன். அப்பத்தான் ஸ்பீக்கர் பேசிச்சு. பிரதி அதிபர், வைஸ் பிரின்சிபல்தான்.

"பெற்றோர் கவனிக்கவும். இந்த வருஷம் எம். பிரியதர்ஷினிங்கிற பேர்ல மூனு பிள்ளைங்க பதிஞ்சிருக்காங்க. பின்னால குழப்பம் வரக் கூடாது. மூனு பேரும் மேடைக்கு வாங்க."

ஐயோ கடவுளே!

மேடைக்குப் போனோம். தர்ஷி வந்தா. கொமர்ஸ் லைன் அண்ணன் பேக்கோட வந்தாரு. ஆர்ட்ஸ் லைன் அக்கா குடையோட வந்தாங்க. பிரதி அதிபர் புள்ளையப் பாத்தாரு, பேக்கப் பாத்தாரு, குடையப் பாத்தாரு.

"மத்த ரெண்டு பிரியதர்ஷினியும் எங்க?"

"இதுதான் சேர்"னு பேக்க நீட்டினாரு அந்த அண்ணன்.

நான் முன்னுக்கு வந்தேன். "சேர், நான் இந்தப் புள்ளையோட அத்தை. எல்லாம் ஒரே புள்ளைதான். ஒரு வழியும் அடைபடக் கூடாதுன்னு... பீலியில குடம் வைக்கிற மாதிரி..."

அவரு சிரிக்கல. கண்ணாடியைக் கழட்டித் தொடச்சாரு. "இது தண்ணி இல்லம்மா. மூனு இடத்துல பேர் இருக்குற புள்ளைக்கு ஒரு இடமும் இல்ல. எல்லாத்தையும் வெட்டுறேன்." சொல்லிக்கிட்டே மூனு பேரையும் வெட்டிட்டாரு. என் கண்ணு முன்னாலயே மூனு கோடு.

எனக்கு அழுகை வந்துருச்சு. வெளையாட்டு இல்லைங்க, உண்மையாவே அழுதேன். இருந்த கதவையெல்லாம் நானே பூட்டிட்டேனே!

"பயோவுல இன்னும் எடம் இருக்கா மிஸ்?"னு அவரு கேட்டாரு.

"ஒரு எடம் இருக்கு சேர். ஆனா நான் சும்மா குடுக்க மாட்டேன்"னாங்க பயோ மிஸ். தர்ஷியப் பக்கத்து கிளாஸுக்குள்ள கூட்டிட்டுப் போனாங்க, நானும் பின்னாலயே போனேன். "நீ சொல்லு. ஒனக்கு என்ன வேணும்?"

நான் வாயைத் தொறந்தேன். "மிஸ், அவளுக்கு டொக்டர்..."

"அம்மா, நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க."

இந்த வயசுல என்னைய கிளாஸுக்கு வெளிய நிப்பாட்டிட்டாங்க! ஓ.எல் படிச்ச காலம் மாதிரியே இருந்துச்சு. ஜன்னல் பக்கத்துல போயி காதை வச்சேன்.

தர்ஷி குரல் மெதுவாக் கேட்டுச்சு. "பயோ, கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ் மிஸ்."

"எதுக்கு?"

"தேயிலை படிக்கணும் மிஸ். தேயிலைக்குன்னே ஒரு டிகிரி இருக்குன்னு கேரியர் கைடன்ஸ் டீச்சர் சொன்னாங்க."

"தேயிலையா!"ன்னு நான் ஜன்னல் வழியாக் கத்திட்டேன். மிஸ் எந்திரிச்சு வந்து ஜன்னலைச் சாத்தினாங்க. நல்லவேளை, அதுல ஒரு கண்ணாடி இல்ல.

"அம்மா பறிச்சுக் குடுக்குற கொழுந்து பச்சையா பெக்டரிக்குப் போகுது மிஸ். கறுப்பா வருது. நடுவுல அதுக்கு என்ன ஆகுதுன்னு அம்மாகிட்ட கேட்டேன். எனக்கு எடை போடுற வரைக்கும்தான் தெரியும்னாங்க. இருவது வருஷமா பறிக்கிறாங்க, தெரியாதாம். எனக்குத் தெரியணும் மிஸ்."

மிஸ் விடல.

"அதுக்கு அக்ரி எடுத்தாலும் போகலாமே. பிசிக்ஸ் எதுக்கு?"

"ரெண்டு வருஷத்துல எனக்கே மனசு மாறினாலும் மாறலாம் மிஸ். பிசிக்ஸ் இருந்தா டொக்டருக்கும் அப்ளை பண்ணலாம். வக்கீலுக்கு எந்தப் பாடமும் சரிதானே. எஞ்சினியர் மட்டும் முடியாது. அது எனக்கு வேணவே வேணாம்."

பாத்தீங்களா! நான் பஸ்ல, த்ரீவீல்ல, நாலு லைன்ல அலைஞ்சு தேடினதை, இவ ஏற்கனவே வீட்டுல ஒக்காந்து யோசிச்சு முடிச்சு வச்சிருக்கா. காலைல இருந்து "அத்தே, அத்தே"ன்னு சொல்ல வந்தது இதைத்தான். எனக்கு வெக்கமும் வந்துச்சு, பெருமையும் வந்துச்சு. மூக்கைச் சிந்திக்கிட்டே ஜன்னல் ஓட்டை வழியா ஒரிஜினல் ரிசல்ட்ஸ உள்ள நீட்டினேன்.

மிஸ் வாங்கினாங்க. பேரை எழுதினாங்க. கடைசி எடம்!

தர்ஷி வெளிய வந்ததும் கட்டிப் புடிச்சுக்கிட்டேன். "ஏண்டி, இதக் காலையிலயே சொல்லியிருக்கக் கூடாதா?"

அவ திரும்பி ஒரு பார்வை பாத்தா. அது போதும்.

அந்தியில லயத்துக்கு வந்து சேர்ந்தோம். அண்ணனும் அண்ணியும் வேலை முடிஞ்சு ஒக்காந்திருக்காங்க. நான் வெவரத்தைச் சொன்னேன். குடை, பேக் கதையெல்லாம் சுருக்கிட்டேன், அது அவசியமில்ல.

அண்ணன் தரையப் பாத்துக்கிட்டே கேட்டாரு. "தேயிலையப் படிக்கப் பல்கலைக்கழகமா? நாளைக்கு என்னோட மலைக்கு வரச் சொல்லு, நானே சொல்லித் தர்றேன்."

"அண்ணே, அது பறிக்கிற படிப்பு இல்ல! முடிச்சா பெக்டரியில ஆபீசர் ஆகலாம். தோட்டத்தை நடத்துற தொரையாவே வரலாம்! பொம்பளை தொரை!"

தொரைன்னதும் அண்ணன் நிமிந்தாரு. மகளைப் பாத்தாரு. கண்ணு கலங்கிருச்சு, ஆனா சிரிப்பை அடக்க முடியல அவருக்கு. "அப்ப சரி"ன்னாரு.

அண்ணிக்கு அன்னைக்குக் கொழுந்து எடை பத்தல. எடை கொறைஞ்சா பாதி நாள் சம்பளம்தான், அரைப்பேருன்னு சொல்லுவோம். அந்த எரிச்சல்ல இருந்தாங்க போல. மகளைப் பக்கத்துல கூப்பிட்டு ஒக்கார வச்சாங்க.

"தொரையா வந்தா, எடை கொறைஞ்ச அன்னைக்கும் அம்மாவுக்கு முழுப்பேரு போடுவியாடி?"

தர்ஷி யோசிக்கவே இல்ல. "எடை கொறைஞ்சா எப்படிம்மா போடுறது?"

இன்னும் பாடமே ஆரம்பிக்கலைங்க, தொரை வந்தாச்சு!